கீறல் விழுந்த கண்ணாடிக்கு ஆள் பிடிப்பது எப்படி: யாழ்ப்பாணத்தில் முதன்முறை இவ்வேலையைச் செய்விப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் புதிதாகக் கட்டி முடித்த வீடுகளில் யன்னல் கண்ணாடிகளின் கீறல்கள் பெரும்பாலும் குடிபுகுந்த பிறகுதான் கண்ணில் படுகின்றன. பூச்சு வேலையும் மாபிள் வெட்டும் வேலையும் பெயின்ற் அடிப்பும் நடந்து முடியும்வரை தூசியின் கீழ் மறைந்திருந்த கண்ணாடியை, அவசரத்தில் உலர்ந்த துணியாலும் பிளேட்டாலும் துப்புரவாக்கிய பின், ஒரு காலை வெயில் சாய்வாக விழும்போது மெல்லிய கோடுகள் கொத்தாகத் தெரிய வருகின்றன. கடைக்காரருக்கு இதே கவலை வாசல் கண்ணாடிக் கதவிலும் காட்சிப் பெட்டியிலும் வருகிறது. வாகனக்காரருக்கு முன்கண்ணாடியில் வருகிறது.

அப்போது முதலில் கூப்பிடும் ஆள் "கண்ணாடியை மாத்துறதுதான் வழி" என்பார். இரண்டாவது ஆள் "ஒரு கோடும் தெரியாமல் எடுத்துத் தாறன்" என்பார். இரண்டு பேரும் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்காமலே சொல்லியிருக்கக்கூடும். எது சரி என்பது கீறலின் ஆழம், கண்ணாடியின் வகை, அது பொருத்தப்பட்டுள்ள இடம் ஆகிய மூன்றையும் பொறுத்தது. இவற்றை ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்த்து வைத்துக்கொள்ளலாம். வந்தவருடைய திறமையை, கண்ணாடியின் ஒரு மூலையில் செய்விக்கும் மாதிரி வேலையால் மட்டுமே அளக்க முடியும் என்பது என் உறுதியான கருத்து. இக்கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கீறல்தானா என்று முதலில் உறுதிப்படுத்துங்கள்

குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறையினூடே ஊறி வருவது. ஆகவே பெரும்பாலான கிணறுகளின் நீர் கடினமானது. பூங்கன்றுகளுக்குக் குழாய் பிடிக்கும்போது யன்னலில் தெறித்த நீர் வெயிலில் காய்ந்தால், அதிலுள்ள சுண்ணாம்பு வெண்மையான வளையங்களாகவும் வழிந்த கோடுகளாகவும் படிந்துவிடும். தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு இந்தப் படிவு கீறல் போலவே தோன்றும். வினாகிரியும் நீரும் சம அளவில் கலந்து, துணியை அதில் நனைத்துக் கண்ணாடியில் சில நிமிடங்கள் ஒட்டி வைத்துப் பிறகு துடைத்துப் பாருங்கள். கோடு மங்கினால் அது உப்புப் படிவு. அதற்கு ஆள் தேவையில்லை, பொறுமையாக இன்னும் இரண்டு மூன்று முறை செய்தால் போதும்.

சீமெந்துத் தெறிப்பு இதைவிடக் கடுமையானது. ஈரச் சீமெந்து காரத்தன்மை உடையது என்பதால், கண்ணாடியில் நாள்கணக்கில் கிடந்தால் மேற்பரப்பையே அரித்துவிடும். அப்படி அரித்த இடம் வினாகிரிக்குப் போகாது, பொலிஷ் செய்துதான் எடுக்க வேண்டும். மாபிள் கழுவக் கொண்டுவரும் அமிலத்தை இதற்குப் பயன்படுத்தச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். அந்த அமிலம் அலுமினியச் சட்டத்தைக் கறுக்க வைத்துவிடும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

வெயில் தடுப்பதற்கு நெகிழிப் படலம் ஒட்டிய கண்ணாடியாயின், கீறல் படலத்தில் மட்டும் இருக்கலாம். படலத்தின் விளிம்பை ஒரு மூலையில் தேடிப் பாருங்கள். படலம் கீறுபட்டிருந்தால் அதை உரித்து வேறு ஒட்டுவதே வேலை. கண்ணாடியை மினுக்க வந்தவர் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஆழத்தையும் காரணத்தையும் பாருங்கள்

கண்ணாடியை நிறைய நீர் ஊற்றிக் கழுவி, காய்ந்த பின், கீறலுக்குக் குறுக்காக விரல் நகத்தை மெல்ல இழுங்கள். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் கீறல் மேலோட்டமானது. நல்ல வேலைக்காரர் அதைத் தடயமின்றி எடுத்துவிடுவார். நகம் சற்றே தட்டுப்பட்டால் எடுக்கலாம், ஆனால் கண்ணாடியைக் கணிசமாகத் தேய்க்க வேண்டியிருக்கும். நகம் சிக்கி நின்றால், தேய்த்து எடுத்த இடத்தில் பள்ளம் உண்டாகி, அதனூடாகப் பார்க்கும் காட்சி நெளியும். நெளிவு கீறலை விடக் கண்ணை உறுத்தும்.

மாலையில், கண்ணாடியின் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்து, முன்னால் ரோச் லைற்றைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கீறலின் வடிவம் துலங்கும். ஒரே திசையில் அருகருகே ஓடும் நேர்கோடுகள் பிளேட்டுக்கு அடியில் சிக்கிய மணலின் வேலை. வாகனத்தின் முன்கண்ணாடியில் விசிறி போல் வளைந்த கோடுகள் வைப்பர் இறப்பரில் ஒட்டிய மணலால் வருபவை. இழுவை யன்னலில் கிடையாக ஓடும் கோடு, சட்டத்தின் ஓரத் தூரிகைக்குள் தூசி சேர்ந்துவிட்டதைச் சொல்லும்.

மணல் ஏன் இவ்வளவு கேடு செய்கிறது என்பதை அறிந்துகொள்வது பிற்பாட்டுப் பராமரிப்புக்கும் உதவும். எண் கூடிய பொருள் எண் குறைந்ததைக் கீறும் என்பதைக் காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி ஏறத்தாழ 5.5, சுண்ணக்கல்லின் கல்சைற்று 3, மணலிலுள்ள குவார்ட்ஸ் 7. ஆகவே நமது சுண்ணக்கல் வெண்தூசி மட்டும் கண்ணாடியைக் கீறாது, அதனோடு கலந்து வரும் மணல் கீறும். வடமராட்சி கிழக்கில் அம்பன், குடத்தனைப் பகுதி மணல் சிலிக்கா நிறைந்தது. கண்ணாடி செய்வதற்கு ஏற்ற அத்தகைய மணலே, ஈரமில்லாத துணியின் கீழ் அகப்படும்போது கண்ணாடியைப் பாழாக்குகிறது.

காரணம் நீங்காதிருந்தால் வேலை செய்வித்தும் பயனில்லை. வைப்பர் இறப்பரை மாற்றாமல் முன்கண்ணாடியை மினுக்குவிப்பது வீண்செலவு.

உங்களுடையது எந்தக் கண்ணாடி

சாதாரணக் கண்ணாடி வீட்டு யன்னல்களில் உள்ளது. தேய்க்கும்போது ஒரே இடத்தில் சூடேறினால் வெடிக்கும். மற்றபடி பொலிஷ் வேலைக்கு ஒத்துப்போகும்.

டெம்பர் கண்ணாடி கடை வாசல் கதவிலும் குளியலறைத் தடுப்பிலும் வாகனத்தின் பக்கக் கதவுகளிலும் இருக்கும். மூலையில் சிறு முத்திரை பொறித்திருப்பார்கள். 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, உடனே காற்றால் குளிர்விப்பதால் இதன் மேற்பரப்பு இறுகி, உள்ளே இழுவிசை நிற்கிறது; இரு பக்கமும் தடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறுக்கத்தில் இருக்கும். மேலோட்டமாக மினுக்குவது இதற்குத் தீங்கில்லை. ஆழமாகத் தேய்ப்பது அதன் பலத்தைக் குறைக்கும். ஒரு கட்டத்தில் முழுக் கதவும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடக்கூடும். டெம்பர் செய்த கண்ணாடியை அதன் பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே மாற்றுக் கண்ணாடியை அளவு கொடுத்துச் செய்விக்க வேண்டும், அதற்கு நாட்கள் எடுக்கும். இந்தக் காத்திருப்பையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாகன முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கிடையே நெகிழிப் படலம் வைத்து ஒட்டியது. மேற்தகடு மெல்லியது, அதிக சூடு உள்ளிருக்கும் படலத்தை வெளிறச் செய்யும். சாரதியின் நேர்ப்பார்வைக்குரிய பகுதியில் நகம் தட்டுப்படும் கீறல் இருந்தால், அதைத் தேய்த்து எடுக்க விடாதீர்கள். எதிர்வரும் வாகனத்தின் வெளிச்சம் நெளிந்து தெரியும் கண்ணாடியோடு இரவில் கண்டி வீதியில் ஓடுவது உயிரோடு விளையாடுவதாகும். கல் தெறித்து விழுந்த புள்ளிக்குப் பிசின் ஏற்றுவது வேறு வேலை. அதைச் செய்பவரும் கீறல் எடுப்பவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியில் கீறல் பின்பக்கப் பூச்சில் இருந்தால் முன்னால் எவ்வளவு மினுக்கினாலும் போகாது. ஒளிதெறிக்கும் பூச்சுள்ள கண்ணாடியைப் பூச்சுப் பக்கத்தில் மினுக்கினால் பூச்சே போய்விடும். எப்பக்கம் பூச்சு உள்ளதென்று சந்தேகமிருந்தால், தீக்குச்சிச் சுடரை அருகில் பிடித்துத் தெரியும் பிம்பங்களின் நிறம் ஒன்றுக்கொன்று வேறுபடுகிறதா என்று பாருங்கள்.

திருத்துவதா, மாற்றுவதா

மூன்றடிக்கு இரண்டடி அளவிலான 5 மி.மீ. சாதாரண யன்னல் கண்ணாடிக்குப் பொலிஷ் செய்ய ஆளைக் கூப்பிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடிக் கடையில் சதுர அடிக் கணக்கில் வெட்டித் தந்து அன்றே பொருத்திவிடுவார்கள்; நாள் முழுக்க ஒருவர் நின்று தேய்ப்பதற்கான கூலி அதைவிட அதிகமாகக்கூடும். சுவாமிப் படச் சட்டத்துக் கண்ணாடிக்கும் இதுவே பொருந்தும்.

12 மி.மீ. டெம்பர் கதவு, கன்னாதிட்டி நகைக்கடைகளில் காணும் பெரிய காட்சிப் பெட்டி, கழற்றினால் சுற்றியுள்ள மரவேலை பழுதாகும் யன்னல், பழைய நாற்சார் வீட்டு அலுமாரியின் சாய்வுவிளிம்புக் கண்ணாடி ஆகியவற்றுக்குத் திருத்த வேலை தகும். குறிப்பாகப் பழைய அலுமாரிக் கண்ணாடியின் தடிப்பும் விளிம்பும் இன்று கடையில் வாங்கும் கண்ணாடிக்கு ஒத்து வராது. அப்படிப்பட்டதை மாற்றச் சொல்பவரிடம் உடனே இணங்கிவிடாதீர்கள்.

எப்படியாயினும், திருத்துவதற்குரிய விலையைக் கேட்கும் அன்றே மாற்றுவதற்குரிய விலையையும் வேறொரு கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாகனமாயின் காப்புறுதிப் பத்திரத்தில் முன்கண்ணாடிக்கான பிரிவைப் படித்து, வேலை தொடங்கும் முன்பே நிறுவனத்துக்கு அறிவியுங்கள். வேலை முடிந்த பின் கேட்டால் பார்வையிட ஒன்றும் எஞ்சியிருக்காது.

ஆளைத் தேடுவதும் தொலைபேசியில் கேட்பதும்

இவ்வேலையைச் செய்பவர்கள் தனிக் கடை போட்டு அமர்ந்திருப்பது அரிது. அலுமினியம், கண்ணாடி பொருத்துகிறவர்களிடமும், வாகனங்களை மினுக்கிக் கொடுக்கும் நிலையங்களிலும், கடைகளுக்குக் கண்ணாடி முகப்புச் செய்து கொடுத்தவர்களிடமும் விசாரித்தால் ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார். கண்ணாடிக் கதவுள்ள கடை ஒன்றில் முகாமையாளரிடம் யாரைக் கொண்டு செய்வித்தீர்கள் என்று கேட்பதுதான் நான் கண்டவரை நல்ல வழி. செய்து முடித்த வேலையை அங்கேயே பார்த்தும் விடலாம்.

கீறலின் படத்தையும், பக்கத்தில் அளவுநாடா வைத்து எடுத்த இன்னொரு படத்தையும், மூலை முத்திரையின் படத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பேசுங்கள். எந்தப் பொடியால் மினுக்குகிறீர்கள் என்று கேளுங்கள். கண்ணாடி வேலை தெரிந்தவர் செரியம் ஒக்சைட்டு என்ற பெயரைத் தயங்காமல் சொல்வார். வாகனப் பெயின்ற்றுக்குப் பூசும் பொலிஷையோ பற்பசையையோ சொல்பவர் இவ்வேலைக்கு உரியவரல்லர். ஆழமான கீறலை எப்படி எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். முதலில் கரடான தேய்ப்புத் தட்டு, அடுத்து அதிலும் மென்மையானது, கடைசியில் செரியம் என்று படிப்படியாக விளக்குபவரை நம்பி வரச் சொல்லலாம். "இது எடுக்க ஏலாது" என்று சில படங்களைப் பார்த்துச் சொல்லக்கூடியவராகவும் இருந்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

மூலையில் ஒரு மாதிரி வேலை

ஆள் வந்ததும் விலை பேசி முடிக்காதீர்கள். "தம்பி, முதல் இந்தக் கீழ் மூலையில ஒரு சாண் இடம் செய்து காட்டுங்கோ, அந்தக் கூலியைத் தனியாத் தாறன்" என்று கேளுங்கள். கூலி தருவதாகச் சொல்வது முக்கியம். அரைமணி நேர உழைப்பை இலவசமாகக் கேட்பது நியாயமுமல்ல, அப்படிக் கேட்டால் அவரும் அவசரமாகத்தான் செய்வார். மூலையிலும் அதே ஆழமுள்ள கீறல் இருக்கும் இடமாகத் தெரிவு செய்யுங்கள்.

அவர் செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். இளம் பழுப்பு நிறப் பொடியை நீரில் கரைத்தால் பால் போன்ற குழம்பு வரும். அதைக் கம்பளித் தட்டில் தடவி, குறைந்த வேகத்தில் சுழலும் இயந்திரத்தால், கீறலின் மேல் மட்டும் நிற்காமல் அதைச் சுற்றியும் அகலமாக நகர்த்திக்கொண்டே தேய்க்க வேண்டும். குழம்பு காயத் தொடங்கும் முன்பே நீர் தெளிக்க வேண்டும். நல்ல வேலைக்காரர் இடைக்கிடை இயந்திரத்தை நிறுத்தி, புறங்கையைக் கண்ணாடியில் வைத்துச் சூடு பார்ப்பார். கை வைக்க முடியாத சூடு வந்தால் ஆறும்வரை ஒதுங்கி நிற்பார். ஒரே புள்ளியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி காய்ந்து புகை போல் பொடி பறக்கத் தேய்ப்பவரை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் கழுவித் துடைக்கச் சொல்லி, மூன்று விதமாகப் பாருங்கள். முதலில் ரோச் லைற்றைச் சாய்வாக அடித்து, கீறல் போயிற்றா, போன இடத்தில் புகை மூட்டம் போன்ற மங்கல் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஐந்தாறு அடி பின்னால் நின்று, கண்ணாடியினூடாக வெளியே தெரியும் நேரான பொருளொன்றை, மதில் விளிம்பையோ மின்கம்பத்தையோ நோக்கியபடி, தலையை மெதுவாக இடம் வலம் அசையுங்கள். தேய்த்த இடத்தைக் கடக்கும்போது அந்தக் கோடு நெளிந்தால் அங்கே பள்ளம் விழுந்துள்ளது. கடைசியாகக் கண்ணாடியின் வெளிப்புறம் நின்று அதில் தெறிக்கும் பிம்பத்தைப் பாருங்கள்; ஊடாகப் பார்க்கையில் தப்பிய நெளிவு பிம்பத்தில் அகப்படும்.

சிறிது நெளிவு இருந்தாலும் குளியலறைத் தடுப்புக்குப் பரவாயில்லை என்று நீங்கள் கருதலாம். காட்சிப் பெட்டிக்கு அதை ஏற்க வேண்டாம். மாதிரி திருப்தி தராவிட்டால், பேசிய கூலியைக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள். ஒரு மூலையோடு நட்டம் நின்றுவிடும்.

பேசி எழுத வேண்டியவை

விலையைச் சதுர அடிக்கா, கீறலுக்கா, நாட்கூலிக்கா பேசுகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து வருபவராயின் பயணச் செலவும் தங்கும் செலவும் அதற்குள் அடங்குமா என்று கேளுங்கள். முற்பணத்தைப் பொருட்களின் விலையளவில் நிறுத்திக்கொண்டு, மிகுதியை வேலையைப் பார்த்த பின் கொடுங்கள்.

வேலையின்போது கண்ணாடி வெடித்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பலர் பொறுப்பேற்க மாட்டார்கள். பழைய கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விளிம்பு உடைவு இருக்கக்கூடும் என்பதால் அவர்கள் தயங்குவதிலும் நியாயம் உண்டு. வெடித்தால் கூலியை விட்டுக்கொடுப்பது, அல்லது புதுக் கண்ணாடியின் விலையில் பாதியை ஏற்பது என்று ஏதாவது ஓர் இணக்கத்துக்கு வந்து, அதை வட்ஸ்அப்பில் எழுதி அவரது "சரி" என்ற பதிலையும் பெற்றுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரிலுள்ள உறவினர் மூலம் வேலை செய்விப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு இன்னும் அவசியம்; பிற்பாடு பிணக்கு வந்தால் நடுவில் நிற்கும் பெரியம்மாவோ சித்தப்பாவோதான் சங்கடப்படுவார்.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வேலையிலோ பொருளிலோ குறை இருந்து, பேசியும் தீராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் விவகார அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். அதன் துரித தொலைபேசி இலக்கம் 1977. முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் இழுத்தடிக்காதீர்கள். பிரதேசத்து மத்தியஸ்த சபையும் இத்தகைய சிறு பிணக்குகளை விசாரிக்கும்.

வேலை நாளில்

நேர்வெயில் படும் கண்ணாடியில் நண்பகலில் வேலை செய்விக்க வேண்டாம். ஏற்கெனவே சூடாயிருக்கும் கண்ணாடி தேய்ப்புச் சூட்டையும் தாங்க வேண்டியிருக்கும். பங்குனி, சித்திரை மாதங்களில் விடிகாலையில் தொடங்கச் சொல்லுங்கள். மேற்குப் பார்த்த கதவுக்குக் காலையும், கிழக்குப் பார்த்ததற்குப் பிற்பகலும் பொருந்தும்.

நீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்வதால், இயந்திரத்துக்கான வயரைத் தரையில் ஈரம் படாதபடி உயர்த்தி வைக்கவும், ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கவும் வேண்டும். செரியக் குழம்பு சட்டத்தின் தூரிகையிலும் இறப்பரிலும் காய்ந்தால் எடுப்பது சிரமம். சுற்றிவர ஒட்டுநாடாவும் கீழே பொலித்தீனும் இடச் சொல்லுங்கள். கரடான தட்டால் உலர்வாகத் தேய்க்கும் கட்டம் இருந்தால் முகக்கவசம் அணிந்தே செய்ய வேண்டும். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

முழு வேலையும் முடிந்த பின், மூலையில் பார்த்த அதே மூன்று சோதனைகளையும் முழுக் கண்ணாடியிலும் பாருங்கள். இயன்றால் மிகுதிப் பணத்தை மறுநாட் காலை கொடுப்பதாக முதலே பேசி வையுங்கள். ஈரக் கண்ணாடியில் மறைந்திருக்கும் மங்கல் காய்ந்த பின்னரே வெளிப்படும், அதுவும் காலை வெயிலில்தான் நன்றாகத் தெரியும்.

அதன் பின்

துடைப்பதற்கு முன் நீர் ஊற்றுங்கள். மணலை நீரே கொண்டுபோகட்டும். சவர்க்காரம் கலந்த நீரில் மென்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, துணியை அடிக்கடி அலசுங்கள். கிணற்று நீரால் கழுவினால் காயும் முன்பே இறப்பர் வழிப்பானால் வழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுண்ணாம்பு மீண்டும் படியும். இழுவை யன்னலின் தடத்தையும் தூரிகையையும் மாதம் ஒருமுறை பெயின்ற் தூரிகையால் தட்டித் துப்புரவாக்குங்கள். சோளகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை, முன்கண்ணாடி உலர்ந்திருக்கும்போது வைப்பரைப் போடாமல், முதலில் நீரைப் பீய்ச்சிவிட்டுப் போடுங்கள். வைப்பர் இறப்பரையும் கிழமைக்கு ஒருமுறை ஈரத் துணியால் துடைத்து, வெடிப்புக் கண்டவுடன் மாற்றிவிடுங்கள்.